ஊசியம்மா எடுத்த சனிக்கிழமை வகுப்பு

சுகாதார நிலையத்தில் பச்சைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டே பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். அதனால் அந்த வட்டாரத்துச் சிறுசுகளுக்கு அவள் ஊசியம்மா. பெரியவர்கள் நேரில் பார்த்தால் "சிஸ்டர்" என்பார்கள். தலை மறைந்ததும் அவர்களுக்கும் அவள் ஊசியம்மாதான். அது அவள் காதில் விழாமல் இல்லை. விழுந்தாலும் கண்டுகொள்ள மாட்டாள்.

அவளை உறுத்தியது வேறு. காய்கறிக் கடையில் நின்றால் போதும், எங்கிருந்தோ ஒரு குழந்தை அவளைப் பார்த்து வீலென்று அலறும். பெற்ற தாய் அதைச் சமாதானப்படுத்துவதற்குப் பதில், "பாத்தியா, வந்துட்டாங்க. இனிமே அடம் புடிப்பியா? புடிச்சுக் குடுத்துடவா?" என்பாள். சாப்பிடாத பிள்ளை, தூங்காத பிள்ளை, பாடம் எழுதாத பிள்ளை எல்லாவற்றுக்கும் மருந்து அவள் பெயர்தான். ஊசி போட்ட கையோடு குழந்தையின் கன்னத்தைத் தடவி இரண்டு வார்த்தை கொஞ்சிவிட்டுத்தான் அவள் அனுப்புவாள். அந்தக் கொஞ்சலெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஆவியாகிவிடும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் டாக்டரம்மாவின் அறைக்குள் போய்ச் சொன்னாள். "ஊசி போடத்தான் நான் சம்பளம் வாங்கறேன், டாக்டர். பூச்சாண்டி வேலைக்கு இல்ல."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்போ பெத்தவங்களுக்கு நீங்களே ஒரு வகுப்பு எடுங்களேன், சிஸ்டர். மேலேயிருந்து ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஆள்தான் கிடைக்கலை."

அப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான் அந்த வகுப்பு. சில நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். படங்கள் போட்ட ஒரு புத்தகம் கொடுத்தார்கள். சனிக்கிழமை சாயந்திரம், நிலையத்தின் மாடி அறை. எடைபார்க்கும் கருவியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கீழே வரிசையாகக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை மேலே தூக்கிவர வேண்டும். அவளுக்கு முட்டி வலி. ஒவ்வொரு வாரமும் படியேறும்போது, எந்த நேரத்தில் வாயைத் திறந்தோம் என்று நினைத்துக்கொள்வாள்.

வந்தவர்களில் பாதிப் பேர் தாங்களாக வந்தவர்கள். மீதிப் பேர் பள்ளிக்கூடம் அனுப்பி வைத்தவர்கள். உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையிடம் பேசும்போது அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து பேசுங்கள் என்பாள் இவள். "குனிஞ்சா எந்திரிக்க யாரு தூக்கிவிடுவா, சிஸ்டர்?" என்பாள் ஒரு பெருத்த தாய். ஓடாதே என்று கத்துவதைவிட மெதுவாக நட என்று சொல்லிப் பாருங்கள் என்பாள். "அதுக்குள்ள அது தெருமுனைக்குப் போயிடும்" என்பார் ஓர் அப்பா. சிரிப்பு எழும். இவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டேதான் எதையாவது மண்டையில் ஏற்ற முடியும் என்பது அவளுக்கு அனுபவத்தில் பிடிபட்டிருந்தது. ஆனால் காலையெல்லாம் ஊசி போட்டுவிட்டு, சாயந்திரம் சிரித்த முகத்தோடு நிற்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

ஒன்றை மட்டும் அவளால் சிரித்துக்கொண்டு கேட்க முடியாது. யாராவது ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சொல்வார்: "எங்கப்பா என்னை அடிச்சுத்தான் வளத்தாரு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?" ஆட்கள் மாறுவார்கள், அந்தப் பேச்சு மாறாது. பதில் சொல்லிச் சொல்லி அவள் நாக்கு தேய்ந்துவிட்டது.

வீட்டில் அவள் சொல் எடுபடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு ஒரு கைக்குழந்தை. போனில், பேத்தி சாப்பிடும்போது எதற்கு அதன் கையில் போனைக் கொடுக்கிறாய் என்று இவள் கேட்டுவிட்டால் போதும். "அம்மா, தயவு செஞ்சு உன் கிளாஸை என்கிட்ட எடுக்காதே" என்று மகள் பட்டென்று வைத்துவிடுவாள். பஸ் ஓட்டும் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஊருக்கெல்லாம் சொல்றே, உன் பொண்ணு உன்னையே உக்கார வெச்சுட்டா பாத்தியா" என்று கிண்டல் செய்வார். அவர் வேலை முடிந்து வந்தால் காலை நீட்டிப் படுக்கவே நேரம் சரியாக இருக்கும். இரண்டு களைத்த உடம்புகள் ஒரு வீட்டில் குடியிருந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டயர்க்காரன் வந்து சேர்ந்தான்.

லாரிகள் போகும் சாலையோரத்தில் டயர் கடை வைத்திருந்தான். முப்பது வயதைத் தாண்டியிருப்பான். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. அந்தக் குழந்தையின் பின்னங்காலில் ரப்பர் ட்யூபால் அடிபட்ட தடத்தை வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டார். விஷயம் தலைமை ஆசிரியர்வரை போய், இந்த வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்று அவனை அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு தேய்த்தும் போகாத கருப்போடு இருந்த கைகளை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். கேட்டால் பதில் சொல்வான். கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டான்.

ஆனால் வாரங்கள் போகப் போக மெல்ல இளகினான். "அடிக்கக் கூடாது, அவ்வளவுதானே சிஸ்டர்? அந்த ட்யூபைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்" என்று ஒரு நாள் தானாகவே சொன்னான். ஊசியம்மாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவனைப் போன்றவர்கள் ஓர் அடி நகர்வதே பெரிய காரியம்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு மோசமான நாளாக விடிந்தது. கூட வேலை செய்யும் இரண்டு பேர் விடுப்பு. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒரு குழந்தை அவள்மேலேயே வாந்தி எடுத்தது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கக்கூட முடியவில்லை. முட்டி விண்விண்ணென்று தெறிக்க, நாற்காலிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வகுப்பைத் தொடங்கினாள். இந்த வாரம் பிள்ளை தப்பு செய்தபோது என்ன செய்தீர்கள் என்று எல்லோரையும் கேட்டாள்.

டயர்க்காரன் என்றுமில்லாத உற்சாகத்தோடு கை தூக்கினான். "எம் பொண்ணு பொய் சொல்லிட்டா, சிஸ்டர். பரீட்சைத்தாளை ஒளிச்சு வெச்சுட்டு, குடுக்கவே இல்லைன்னுட்டா. நான் அடிக்கவே இல்ல. ஒரு விரல் படலை. ஒரு பழைய ட்யூபைக் கழுத்துல மாலையா மாட்டி, கடை வாசல்ல நிக்க வெச்சுட்டேன். போற வர்றவங்க எல்லாம் என்னம்மா என்னம்மான்னு கேக்க, அவளே சொல்லணும், நான் பொய் சொன்னேன்னு. ரெண்டு லாரிக்கு வேலை முடியறவரைக்கும் நின்னா. இனிமே ஜென்மத்துக்கும் பொய் சொல்ல மாட்டா!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவர், "நல்ல ஐடியாவா இருக்கே" என்றார்.

ஊசியம்மாவுக்குள் ஏதோ ஒன்று அறுந்துபோனது.

"எந்திரிங்க" என்றாள்.

அவன் சிரித்த முகம் மாறாமல் பார்த்தான்.

"உங்களைத்தான். எந்திரிச்சு முன்னாடி வாங்க. இங்க நில்லுங்க. எல்லாரையும் பாத்து நில்லுங்க."

பாராட்டப் போகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, வந்து நின்றான். கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"எப்படி இருக்கு? எல்லாரும் பாக்கறாங்க இல்ல? நல்லா இருக்கா? இவ்வளவு பெரிய மனுஷனுக்கே கூசுதுன்னா, அந்தப் பச்சைப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பஞ்சர் ஒட்டத் தெரிஞ்சா போதும், பிள்ளையையும் வளத்துடலாம்னு நினைச்சுட்டீங்களா?"

அவன் முகத்தில் ரத்தம் ஏறி, பிறகு வடிந்தது. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே போனான். படியில் அவன் செருப்புச் சத்தம் கடைசிவரை கேட்டது.

வகுப்பு முடிந்ததும், எப்போதும் வாயே திறக்காத ஒரு தாய் அவளிடம் வந்து, "நல்லா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டீங்க, சிஸ்டர். அந்த ஆளுக்கு அப்படித்தான் வேணும்" என்றாள். வேறு சிலரும் தலையாட்டினார்கள். அந்த வகுப்பில் அவளுக்கு இவ்வளவு பாராட்டு என்றைக்கும் கிடைத்ததில்லை. ஆனால் இத்தனை வாரமாக எதைச் செய்யாதீர்கள் என்று தொண்டை கிழியச் சொன்னாளோ, அதை ஒரு மூச்சில் செய்து காட்டியிருந்தாள்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "தப்புதான். ஆனா அந்த ஆளும் லேசுப்பட்டவன் இல்லையே."

"அது வேற கணக்கு. அந்த ஆளு வீட்டுக்குப் போய் இந்தக் கோவத்தை யார் மேல காட்டுவான்? அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

"உடம்புல தெம்பு இல்லாதப்போ எதுக்கு இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்யறே? விட்டுத் தொலையேன்."

விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. ஆனால் அதற்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

மறுநாள் அந்த டயர் கடைக்குப் போனாள். முன்னால் கடை, பின்னால் ஒட்டினாற்போல வீடு. ஒரு லாரியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான் அவன். பக்கத்தில் லாரி டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டயர்க்காரன் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, போய்க் காற்றடிக்கும் கம்ப்ரசரை ஓடவிட்டான். அது தடதடவென்று அடித்த சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஊசியம்மா ஓரமாக அடுக்கியிருந்த டயர்களின்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவனும் அசரவில்லை, அவளும் அசரவில்லை. கடைசியில் டிரைவர்தான், "யப்பா, என் காதுக்குள்ள சவ்வு கிழியுது, அதை நிறுத்தேன்" என்று கத்தினார்.

சத்தம் நின்றதும் அவள் எழுந்து நின்றாள். "தம்பி, நேத்து உங்களை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சது தப்பு. உங்க தொழிலை இழுத்துப் பேசினது அதைவிடப் பெரிய தப்பு. எனக்குக் களைப்பு, பசி. அது என் பாடு. அதை உங்க மேல காட்டியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கங்க. அடுத்த வகுப்புல எல்லார் முன்னாடியும் இதைத் திரும்பச் சொல்றேன்."

அவன் நட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னப்பா, ஒரு பெரியம்மா வந்து மன்னிப்புக் கேக்கறாங்க, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே?" என்றார் டிரைவர்.

"நீ கொஞ்சம் சும்மா இருண்ணே." டிரைவர் டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்க நகரும்வரை காத்திருந்தான். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னான். "நேத்து அவளை அடிச்சுட்டேன், சிஸ்டர்."

ஊசியம்மா மறுபடி டயர்மேல் உட்கார்ந்தாள். "எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. தண்ணி கேட்டேன், கொண்டாந்தா. கொஞ்சம் கீழ சிந்திடுச்சு."

புத்தகத்தில் இந்த இடத்துக்கு வார்த்தைகள் இருந்தன. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மாடி அறையில் அவள் வீசியெறிந்த சொல் சாலையைக் கடந்து, கடைக்குள் புகுந்து, ஒரு குழந்தையின் கன்னத்தில் விழுந்திருக்கிறது. கைதான் அவனுடையது. இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டாள்: "வீங்கியிருக்கா? நான் பாக்கலாமா?"

அவன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். மனைவி குழந்தையைக் கையில் பிடித்து அழைத்து வந்தாள். குழந்தை ஊசியம்மாவைப் பார்த்த மாத்திரத்தில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. "நான் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தி வெச்சிருக்கேன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள் மனைவி சங்கடத்தோடு.

ஊசியம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு, கிரீஸ் படிந்த தரையில் அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டினாள். ஒரு குடை, கைக்குட்டை, மூக்குக்கண்ணாடிக் கூடு. "ஊசி இல்ல பாரு. கிட்ட வர வேண்டாம். அங்கயே நில்லு, நான் பேசறதை மட்டும் கேளு."

ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. அந்தப் பக்கத்துக் கன்னத்தில் லேசான சிவப்பு.

"நேத்து நான் உங்கப்பாவைத் திட்டிட்டேன். அவருக்குக் கோவம் வந்துச்சு. அதைக் கொண்டுவந்து உன் மேல காட்டிட்டாரு. தண்ணி சிந்தினதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல."

குழந்தை அவளைப் பார்க்கவில்லை. இதை நம்பலாமா என்று கேட்பதுபோல அப்பாவைப் பார்த்தது. அவன் கையிலிருந்த துணியை முறுக்கினான்.

"ஆமா" என்றான். அவ்வளவுதான் அவனுக்கு வந்தது.

குழந்தையும் தாயும் உள்ளே போனதும் ஊசியம்மா அவனிடம் நேராகச் சொன்னாள். "நேத்து நடந்ததை டாக்டரம்மாகிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். இனிமே நடந்தாலும் சொல்லுவேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்கிறதுக்காக அதை மறைக்க மாட்டேன்."

"தெரியும். சொல்லிக்கங்க." பிறகு, அவள் தரையிலிருந்து எழ முடியாமல் தவிப்பதைப் பார்த்து, கருப்புக் கையை ஒரு நொடி தயங்கிவிட்டு நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். கதவுக்குப் பக்கத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தோதாக உட்கார்ந்தான். ஊசியம்மா சொன்னபடியே எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். அவளைப் பாராட்டிய தாய் பதறிப்போனாள். "அய்யோ, நீங்க எதுக்கு சிஸ்டர்? அவருக்கு வேணும்தானே?"

"யாருக்கும் வேணாம்மா அது."

பேச்சு அங்கிருந்து, பிள்ளையிடம் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்கலாமா என்பதில் போய் முட்டியது. அந்தப் பாடம் வந்தாலே எப்போதும் அமளிதான். "அதுகிட்டப் போய்க் கேட்டா அப்புறம் நம்மளை மதிக்குமா?" என்று ஒருவர் எகிறினார்.

கதவோரத்திலிருந்து டயர்க்காரன் சொன்னான். "சிஸ்டர் என்கிட்ட கேட்டாங்க. நான் அவங்களை மதிக்கறேனான்னு எனக்கு இன்னும் தெரியலை. ஆனா வந்திருக்கேன்."



அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில மாதம் ஒழுங்காக இருந்தான். கோபம் தலைக்கேறினால் விறுவிறுவென்று கடைக்குப் போய் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதாக வகுப்பில் சொன்னான். "ஒரே சக்கரத்தைக் கழட்டிக் கழட்டி நட்டு மரையே தேஞ்சுபோச்சு" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பிறகு ஒரு நாள் மறுபடி கை நீட்டிவிட்டான். அதையும் அவனே வந்து சொன்னான். ஊசியம்மா தன் சொல்படி டாக்டரம்மாவிடம் சொன்னாள். பள்ளியிலிருந்தும் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்தும் ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். அவன் வெகு நாள் வகுப்புப் பக்கமே தலைகாட்டவில்லை. தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் நாற்காலியில் அவன் மனைவி வந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம், உண்மையைச் சொன்ன மனிதனைக் காட்டிக் கொடுத்துவிட்டோமோ என்று ஊசியம்மாவுக்கு மனசு அடித்துக்கொள்ளும். சொல்லாமல் இருந்திருந்தால் அதைவிட மோசமாக அடித்துக்கொண்டிருக்கும். இரண்டில் ஒன்றையும் தட்டிக்கழிக்க முடியவில்லை.

பின்னால் அவனும் வரத்தான் செய்தான். பழையபடி பேச்சு இல்லை. ஆனால் நாற்காலிகளைக் கீழேயிருந்து தூக்கி வரும் வேலையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டான்.

சாலையை அகலப்படுத்தியபோது கடை போனது. வேறெங்கோ இடம் பிடித்துக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். போகும்முன் மனைவி மட்டும் நிலையத்துக்குச் சொல்லிக்கொள்ள வந்தாள். அவர் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்றாள்.

"இப்போ எப்படி இருக்காரு?" என்று கேட்டாள் ஊசியம்மா.

"கத்தறது குறையலை. மூணு வீட்டுக்குக் கேக்கும். கைதான் நீட்டறதில்ல." அவள் குரலைத் தாழ்த்தி, புகார் சொல்வதுபோலச் சொன்னாள். "ஆனா இவ இருக்காளே, ரொம்ப வாய் நீளுது. இவர் கத்தினா, 'அப்பா, மெதுவாச் சொல்லுங்க, எனக்குக் காது கேக்குது'ங்கறா. பெத்த அப்பன்கிட்ட பேசற பேச்சா இது?"

"அவர் என்ன சொல்றாரு?"

"என்ன சொல்லுவாரு, முறைச்சுப் பாக்கறாரு. அப்புறம் மெதுவாச் சொல்றாரு."

ஊசியம்மா கைக்குட்டையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். வரிசையில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வகுப்பை விட்டுத் தொலைக்கவும் அவளால் முடியவில்லை. விடுமுறைக்கு மகளைப் பார்க்கப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, சாலையோர டயர் கடைகளை எட்டி எட்டிப் பார்ப்பாள். பெரும்பாலும் இரண்டாவது கடை வருவதற்குள் தூங்கிப்போய்விடுவாள்.